மலையைப் பிளக்கும் மருந்து நெஞ்சுவலிக்கும் மருந்து... தெரியுமா உங்களுக்கு?

மலையைப் பிளக்கும் டைனமைட்டுக்குள் இருப்பதும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்காரும் பெரியவரின் நாக்குக்கு அடியில் கரைவதும் ஒரே சரக்குதான். தெரியுமா உங்களுக்கு? நைட்ரோகிளிசரின்! நம்மூர் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சார்பிட்ரேட் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

1847-ல் இத்தாலியின் டூரின் நகரத்தில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் முதன்முதலில் இதைத் தயாரித்தார். துளியூண்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். தலை விண்விண்ணென்று தெறித்தது. அந்தத் தலைவலிதான் மருந்துக்கான முதல் துப்பு என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

முப்பது வருஷம் கழித்து லண்டனில் வில்லியம் முரெல் என்ற இளம் மருத்துவர். சட்டைப்பையில் நைட்ரோகிளிசரின் கரைசல் புட்டி. ஒரு மதியம், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈரமான தக்கையை நாக்கில் தொட்டுக்கொண்டார். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். முரெல் புட்டியை மறந்தே போனார். நாலைந்து கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார், தலைக்குள் தடதடவென்று துடிப்பு! இதயம் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் கையில் பிடித்திருந்த பேனா எகிறியது. ரத்தக்குழாய்கள் விரிகின்றன என்பது அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1879-ல் எழுதி வெளியிட்டார். அன்று பிடித்த வழக்கம், இன்றைக்கும் உலகம் முழுக்க அதே மருந்து!

டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலி வந்தது தெரியுமா? 1896-ல் மருத்துவர்கள் அவருக்கு எழுதிக்கொடுத்தது எதை? நைட்ரோகிளிசரினையேதான். மக்கள் மிரளக் கூடாது என்று 'ட்ரைநைட்ரின்' எனப் பெயரை மாற்றி வைத்திருந்தார்கள். விதியின் இந்த விளையாட்டை நோபலே வியந்து நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

இன்னொன்று கேளுங்கள். அந்தக் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் 'திங்கட்கிழமை நோய்' என்றே ஒன்று இருந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் தலைவலி மண்டையைப் பிளக்கும். நாள் போகப்போக உடம்பு பழகிவிடும். ஞாயிறு விடுமுறை, மறுபடி திங்கள் தலைவலி! ஏற்கெனவே நெஞ்சுவலி இருந்த தொழிலாளிகளுக்கோ வேலை நாளில் சுகம், விடுமுறையில் வலி. நைட்ரேட் மருந்துக்கு உடம்பு சீக்கிரம் பழகி, மருந்து வேலை செய்யாமல் போய்விடும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதனால்தான் நீண்ட நேரம் வேலை செய்யும் நைட்ரேட் மாத்திரைகளை எழுதித் தரும்போது, தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மருந்து இல்லாத இடைவெளி விட்டு எழுதுகிறார்கள். 'ராத்திரிக்கு மட்டும் ஏன் இந்த மாத்திரை இல்லை, மறந்துவிட்டாரோ டாக்டர்?' என்று குழம்பியவர்கள் எத்தனை பேர்!

சரி, இந்த மருந்து உள்ளே போய் என்னதான் செய்கிறது? நூறு வருஷம் யாருக்கும் தெரியாது! 1977-ல் ஃபெரித் முராத் கண்டுபிடித்தார்: அது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை வெளியிடுகிறது. நம் ரத்தக்குழாய்ச் சுவரே அந்த வாயுவைத் தயாரித்துத் தன்னைத்தானே தளர்த்திக்கொள்கிறது என்பது 1980களில் தெரிந்தது. 1998-ல் முராத், ஃபுர்ச்காட், இக்னாரோ மூவருக்கும் பரிசு கிடைத்தது. என்ன பரிசு? நோபல் பரிசு! வெடிமருந்து சம்பாதித்த பணத்தில் நிறுவிய பரிசு, வெடிமருந்தின் ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கே!

அதே 1998-ல்தான் வயாக்ராவும் விற்பனைக்கு வந்தது. அதுவும் நெஞ்சுவலிக்காக இங்கிலாந்தில் பரிசோதிக்கப்பட்ட மருந்துதான், தெரியுமா? நெஞ்சுவலிக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. சோதனைக்கு வந்த ஆண்கள் சொன்ன பக்கவிளைவு வேறு கதையாகிவிட்டது. வெட்கப்படாமல் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வயாக்ரா வகை மாத்திரை போட்ட உடம்பில் நைட்ரேட்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். உயிரே போகலாம். மருத்துவர் கேட்டால் மறைக்கக் கூடாது.

உடம்பு முழுவதற்கும் ரத்தம் பாய்ச்சும் இதயம், தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் எப்போது எடுத்துக்கொள்கிறது தெரியுமா? சுருங்கும்போது அல்ல, ஓய்ந்து விரியும்போது! இதயம் இறுகிச் சுருங்கும் நேரத்தில் அதன் தசைக்குள் ஓடும் குழாய்களும் நசுங்கிவிடுகின்றன. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே கிடைக்கும் அந்தச் சின்ன ஓய்வில்தான் அது சாப்பிட்டாக வேண்டும். ஊருக்கெல்லாம் பந்தி பரிமாறிவிட்டு, இலை எடுக்கிற இடைவெளியில் ஒரு வாய் அள்ளிப்போட்டுக்கொள்ளும் வீட்டுப் பெண்மணியைப் போல! படி ஏறும்போது துடிப்பு வேகமாகிறது. அந்த இடைவெளி சுருங்குகிறது. குழாயில் அடைப்பும் இருந்தால்? தசை பசியில் கதறுகிறது. அந்தக் கதறலுக்குப் பெயர்தான் ஆஞ்சைனா.

என் சித்தப்பாவுக்கு அந்தக் கதறல் கேட்டது. தினமும் காலையில் பால் வாங்கப் போகிற வழியில் ஒரு மேடு. மேட்டில் ஏறும்போது நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இறுக்கம், இடது கையில் கடுப்பு. வேப்பமரத்தடியில் இரண்டு நிமிஷம் நின்றால் போய்விடும். "வாயுடா, வேற என்ன?" என்று சோடா குடித்தே எட்டு மாதம் ஓட்டிவிட்டார். "மேடு ஏறும்போது மட்டும் வர்ற வாயு எது சித்தப்பா? நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டேன். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாளே இசிஜி, எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் எடுத்தோம். நடந்தால் வருவது, நின்றால் போவது என்பது ஆஞ்சைனாவின் கையெழுத்து. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பாகவோ, வியர்வையாகவோ, தாடை வலியாகவோ, வெறும் அசதியாகவோகூட வரும். அதனால்தான் அவர்கள் இன்னும் தாமதமாக வருகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

இதயத் தசையின் இந்தப் பசிக்கு இரண்டு விதமாக வழி செய்யலாம் அல்லவா? ரத்தத்தைக் கூட்டலாம், அல்லது தேவையைக் குறைக்கலாம். உலகமே முதல் வழியைத் தேடிக்கொண்டிருந்தபோது, இரண்டாவது வழியை யோசித்தவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பிளாக். அவருடைய அப்பா மாரடைப்பில் இறந்தவர். அட்ரினலின் வந்து இதயத்தை விரட்டாமல் கதவை அடைத்துவிட்டால் என்ன? 1960களில் ப்ரொப்ரனொலால் பிறந்தது. இன்று மெட்டோப்ரொலால், பிசோப்ரொலால் என்று உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவில் இருக்கும் பீட்டா பிளாக்கர்கள் எல்லாம் அதன் வாரிசுகள்தான். துடிப்பை நிதானமாக்குகின்றன; இதயம் ஆற அமரச் சாப்பிடுகிறது. பிளாக்குக்கு 1988-ல் நோபல்.

வலி எதனால் என்று முதலில் சந்தேகித்தவர் யார் தெரியுமா? அம்மைத் தடுப்பூசி கண்ட எட்வர்டு ஜென்னர்! நெஞ்சுவலியால் இறந்த ஒருவரின் இதயத்தை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி நறநறவென்று எதிலோ இடித்து, முனையே மழுங்கியது. அண்ணாந்து பார்த்தார். பழைய கூரை, உதிர்கிற காரை. மேலிருந்து காரைதான் விழுந்திருக்கிறது என்று நினைத்தார்! குனிந்து மறுபடி பார்த்தால், இதயத்தின் தமனியே சுண்ணாம்பாகக் கெட்டித்துப் போயிருந்தது. அவருடைய குருநாதர் ஜான் ஹன்டருக்கும் அதே நோய்தான் என்று ஜென்னர் ஊகித்தார். ஆசானின் மனம் நோகுமே என்று வெளியே சொல்லவில்லை. தன்னைக் கோபமூட்டுகிற எவன் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்று ஹன்டர் சொல்வாராம். 1793-ல் மருத்துவமனைக் கூட்டத்தில் ஒரு வாக்குவாதம். அங்கேயே சரிந்து இறந்தார். அறுத்துப் பார்த்தார்கள். ஜென்னரின் ஊகம் சரி!

உயிரோடு இருப்பவரின் இதயத்துக்குள் எட்டிப் பார்ப்பது? 1929, ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே. 25 வயது வெர்னர் ஃபோர்ஸ்மான் தன் கைச் சிரையிலேயே குழாயைச் செருகி, இதயம் வரைக்கும் தள்ளி, குழாய் உள்ளே இருக்க, படியிறங்கி நடந்தே போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்! 1956-ல் நோபல். 1958 அக்டோபர் 30, அமெரிக்காவின் கிளீவ்லாந்து. மேசன் சோன்ஸ் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது குழாய் தவறுதலாக இதயத் தமனிக்குள்ளேயே போய்விட, சாயம் மொத்தமும் அதில் பாய்ந்தது. நோயாளி செத்தார் என்றே நினைத்தார்கள். இதயம் சில நொடி நின்றது. "இருமுங்கள்!" என்று கத்தினார் சோன்ஸ். நோயாளி இருமினார், இதயம் மறுபடி ஓடியது. நாம் சர்வசாதாரணமாக 'ஆஞ்சியோ' என்கிறோமே, அது பிறந்தது அந்தத் தவறிலிருந்துதான்!

பலூன் சிகிச்சை பிறந்தது எங்கே தெரியுமா? சமையலறையில்! சூரிச் நகரத்தில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் தன் வீட்டுச் சமையல் மேசையில் பசையும் நூலும் பிளாஸ்டிக் குழாயும் வைத்துக்கொண்டு, மனைவியும் உதவியாளரும் கூட இருக்க, ராத்திரி ராத்திரியாகக் குட்டிப் பலூன்கள் செய்தார். 1977 செப்டம்பர் 16 அன்று, விழித்திருந்த 38 வயது நோயாளியின் இதயத் தமனியில் அந்தப் பலூனை ஊதினார். அடைப்பு விரிந்தது! பல பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது. குருன்ட்சிக்கிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1986-ல் இந்தியாவில் பலூன் சிகிச்சையைத் தொடங்கி வைத்தார். சென்னையில் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம்.

பலூன் விரித்த இடம் பலருக்கு மறுபடி சுருங்கியது. அதனால் 1986-ல் பிரான்சின் துலூஸ் நகரத்தில் கம்பி வலையை வைத்தார்கள், அதுதான் ஸ்டென்ட். வலைக்குள்ளும் சதை வளர்ந்து அடைத்தது! அதைத் தடுக்க மருந்து பூசினார்கள். அந்த மருந்து எங்கே கிடைத்தது? பசிபிக் கடல் நடுவே, ராட்சதக் கல் முகங்கள் வரிசையாக நிற்கும் ஈஸ்டர் தீவில்! 1964-ல் கனடாக் குழு அங்கிருந்து அள்ளி வந்த மண்ணில் ஒரு நுண்ணுயிர். அதிலிருந்து ராபமைசின், தீவின் பெயரான ராப்பா நூயிதான் மருந்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆராய்ச்சியை நடத்தியவர் சுரேந்திரநாத் சேகல், பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்தவர். மான்ட்ரியலில் இருந்த ஆய்வகத்தை 1980களின் தொடக்கத்தில் மூடியபோது, நுண்ணுயிர்ப் புட்டிகளை வீட்டு ஃப்ரீஸரில், 'சாப்பிடாதீர்கள்' என்று எழுதிப் பத்திரப்படுத்தினார். அவர் அன்று அதைத் தூக்கிப் போட்டிருந்தால்? நினைத்தாலே திக்கென்கிறது. 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாலோவில் அந்த மருந்து பூசிய ஸ்டென்ட் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இந்தியாவில் மருந்து ஸ்டென்ட் விலை லட்சத்தைத் தாண்டி நின்றதும், 2017 பிப்ரவரியில் அரசு உச்சவரம்பாக 29,600 ரூபாய் நிர்ணயித்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின்? அரிசியில் பூத்த நீலப் பூஞ்சை! ஜப்பானின் அகிரா எண்டோ ஆறாயிரம் பூஞ்சைகளைச் சலித்து எடுத்துக் கண்டுபிடித்தது. வலியை அது நிறுத்தாது. ஆனால் அடைப்பு வெடித்து மாரடைப்பாவதைத் தடுப்பதில் அதற்கும் ஆஸ்பிரினுக்கும் ஈடில்லை. 1994-ல் ஸ்காண்டிநேவியாவில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சாவு சுமார் 30 சதவீதம் குறைந்தது! "வலிதான் இல்லையே" என்று இந்த மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கத் தோன்றுகிறது: நிறுத்தாதீர்கள்.

பைபாஸ் முறையை உலகம் முழுக்கப் பரவச் செய்தவர் ரெனே ஃபவலோரோ. அர்ஜென்டினாவின் ஒரு குக்கிராமத்தில் 12 வருஷம் கிராம வைத்தியராக இருந்தவர். 1967 மே மாதம் கிளீவ்லாந்தில், 51 வயதுப் பெண்ணின் கால் சிரையை எடுத்து இதயத்தில் மாற்றுப்பாதை போட்டார். அதற்கு மூன்று வருஷம் முன்பே லெனின்கிராடில் வசிலி கொலெசொவ் மார்புச் சுவரின் உள் தமனியை இதயத்தோடு இணைத்திருந்தார். அந்த மார்புத் தமனியின் அதிசயத்தைக் கேளுங்கள்! உடம்பெல்லாம் கொழுப்பு படிந்தாலும் அதில் படிவது அபூர்வம். கால் சிரைப் பாதைகளில் ஏறக்குறைய பாதி பத்து வருஷத்தில் அடைபட்டுவிடும். மார்புத் தமனிப் பாதைகளிலோ பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். டாக்டர்கள் 'லீமா' என்று செல்லமாகச் சொல்வது இதைத்தான். இந்தியாவின் முதல் பைபாஸ் எங்கே நடந்தது தெரியுமா? சென்னை, பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், 1975-ல். செய்தவர் டாக்டர் கே.எம். செரியன்.

இப்போது சொல்லப்போவது எனக்கே தூக்கத்தைக் கெடுத்த செய்தி. 1950களில் நெஞ்சுவலிக்கு ஒரு அறுவை சிகிச்சை பிரபலமாக இருந்தது: மார்புத் தமனியைக் கட்டிவிடுவது. "வலி போச்சு!" என்றார்கள் நோயாளிகள். சியாட்டிலில் லெனார்ட் காப் குழுவினர் 17 பேருக்குத் தோலைக் கீறினார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டும் தமனியைக் கட்டினார்கள், மீதிப் பேருக்கு வெறும் கீறல், தையல். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 1959-ல் முடிவு வந்தது. வெறும் கீறல்காரர்களும் அதே அளவு சுகமடைந்திருந்தார்கள்! அந்த அறுவை சிகிச்சை அத்தோடு ஒழிந்தது.

அறுபது வருஷம் கழித்து அதே கேள்வியை லண்டனில் ஸ்டென்ட் மீது எழுப்பினார்கள். 200 நோயாளிகள், காதில் பாட்டு ஓடும் ஹெட்ஃபோன். பாதிப் பேருக்கு ஸ்டென்ட், பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்த மாதிரி பாவனை. எல்லோருக்கும் முன்பே நல்ல மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். 2017-ல் வந்த முடிவில் நடக்கும் திறனில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! அதற்காக ஸ்டென்ட் வீண் என்று கிளம்பிவிடாதீர்கள். அதே குழு 2023-ல், நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் பார்த்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது. 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2020-ல் சொன்னது இது: நடந்தால் வந்து நின்றால் போகும் நிலையான ஆஞ்சைனாவில், உடனே ஸ்டென்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களும், மாத்திரையோடு தொடங்கித் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களும், மாரடைப்பிலும் சாவிலும் ஏறக்குறைய சமம். வலி அதிகம் உள்ளவர்களுக்கு ஸ்டென்டோ பைபாஸோ நல்ல நிம்மதி தந்தது. ஆக, "அடைப்பு இருக்கு, இன்னிக்கே வைக்கணுமா?" என்று பயத்தில் நடுங்கும் குடும்பம், மருத்துவரிடம் நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரம் உண்டு. சித்தப்பாவுக்கு மாத்திரையும் நடையும்தான் சொன்னார்கள். இப்போது மேட்டை நிற்காமல் ஏறுகிறார்.

விதிவிலக்குகளும் உண்டு. இடது பிரதானத் தமனியில் அடைப்பு, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைவு, மாத்திரைக்கு அடங்காத வலி என்றால் கணக்கே வேறு. சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பு இருந்தால் ஸ்டென்டைவிட பைபாஸே மேல் என்று 2012-ல் 1,900 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. உட்கார்ந்திருக்கும்போதே வருகிற வலி, நின்றும் போகாத வலி, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைக்கும் அடங்காத வலி என்றால் ஒரு நிமிஷமும் யோசிக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் ஸ்டென்ட் உயிரையே காப்பாற்றும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகளை உடனே கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

உடற்பயிற்சி வைத்தியத்துக்கு எத்தனை வயது தெரியுமா? ஆஞ்சைனாவுக்கு அந்தப் பெயரையே வைத்த வில்லியம் ஹெபர்டன், தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறைய குணமான ஒருவரைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்! 2004-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் 101 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டென்ட், மறு பாதிக்குத் தினமும் 20 நிமிஷம் சைக்கிள் பயிற்சி. ஒரு வருஷத்தில் புதுச் சிக்கல் எதுவும் வராமல் இருந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 70 சதவீதம், சைக்கிள் பக்கம் 88! மருத்துவர் சொன்ன அளவில் தொடங்கவேண்டும், அவ்வளவுதான்.

எதற்கும் அடங்காத வலிக்கும் வழி இருக்கிறது. கெண்டைக்கால், தொடை, இடுப்பில் பட்டைகளைக் கட்டி, இதயம் ஓய்கிற அதே நொடியில் கீழிருந்து மேலாக அழுத்தி ரத்தத்தை இதயத்துக்குத் தள்ளும் சிகிச்சை. தினம் ஒரு மணி நேரம், 35 தடவை. கத்தியே இல்லை! இன்னொன்று இன்னும் விசித்திரம்: இதயத் தசையிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரையில், உடுக்கை வடிவக் கம்பி வலையை வைத்து வேண்டுமென்றே குறுக்குகிறார்கள். போகிற வழியைக் குறுக்கினால், பசித்த தசைக்கு ரத்தம் கூடுதலாக ஏறுகிறது!

கடைசியாக நம்ம ஊர்ச் சங்கதி. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள், ஈழத்தவர் சொல்லும் கார்த்திகைப்பூ, இதய நோய் மருந்துக்கும் மூலம் என்பது தெரியுமா? மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் போய்க் 'கண்வலிக் கிழங்கு' என்று கேட்டால் காட்டைக் காட்டுவார்கள். அதன் விதையிலிருந்து எடுப்பது கோல்ச்சிசின். மூட்டுவீக்கத்துக்கான பழைய மருந்து. இதயத் தமனி அடைப்பில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் அழற்சியையும் அது தணிக்கும் என்று 2020-ல் 5,522 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது: தினம் வெறும் அரை மில்லிகிராம், மாரடைப்பு போன்ற விபரீதங்கள் 31 சதவீதம் குறைவு. 2023-ல் அமெரிக்காவும் இதய நோய்க்கு அதை அனுமதித்தது. மாரடைப்பு வந்த கையோடு தொடங்கிய வேறொரு பெரிய ஆய்வில், 2024-ல், அந்தப் பலன் தெரியவில்லை. வல்லுநர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கிழங்கையோ விதையையோ யாரும் வாயில் வைத்துவிடாதீர்கள். கொடிய விஷம். ஆலையில் பிரித்து, அளந்து, மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே மருந்து.

கிளுவை வேலியில் கொடி ஏறியிருக்கும். இதழ்கள் தீ நாக்குகளாக மேலே வளைந்திருக்க, சூலகமும் மகரந்தமும் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் வெயில் ஏறுமுன் பெண்கள் வரிசைக்கு ஒருவராக இறங்கி, ஒவ்வொரு பூவாகப் பிடித்து, மகரந்தத்தைக் கையாலேயே ஒற்றிவிட்டு நகர்கிறார்கள்.